பாலக்கரையில் ஒரு தெருக்குத்து வீடு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கீழ்வீட்டு மகாலிங்கம் இன்று காலை மாடியேறி வந்தார். வீட்டுச் சொந்தக்காரர் மாடியேறுகிறார் என்றால் ஒன்று வாடகை ஏறும், இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கும். இன்றைக்குக் கையில் ஒரு சீப்புப் பழம் வேறு. என் வீட்டுக்காரருக்கு வேலையே வாழை மண்டியில், அந்த வீட்டுக்கே வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருகிறாரே என்றதும் விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. மகனுக்குத் தையில் கல்யாணமாம், மாடி வேண்டுமாம். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்றார். மார்கழியில் யார் வீடு மாறுவார்கள்? கார்த்திகைக்குள் கிளம்பு என்று அர்த்தம்.

அவர் இறங்கிப் போனதும் நான் சொல்லிவிட்டேன், இனிமேல் வாடகை வீடு கிடையாது. பத்திர எழுத்தர் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வீட்டையெல்லாம் நான்கு எல்லையோடு டைப் அடித்துக் கொடுத்து விரல் தேய்ந்துவிட்டது. என் பெயரில் ஒரு முழம் மண் கிடையாது.

இவர் தலையை ஆட்டினார். ஊருக்கு நடுவில், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், பழைய வீடாகப் பார்க்கலாம் என்றார். புது ஃப்ளாட் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, அது எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தியாகேசன் காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர். விடிவதற்கு முன்னால் தார்களை வரிசையாக நிறுத்தி, வியாபாரிகள் காட்டுகிற விரலைப் பார்த்துப் பார்த்து விலையை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். நாங்கள் இருக்கிற கே.கே. நகரிலிருந்து அந்த நேரத்துக்குத் தினமும் ஆட்டோ. ஸ்கூட்டரைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது. பெட்ரோல் விற்கிற விலைக்கு எவன் ஓட்டுவான் என்கிறார். ஆட்டோக்காரர் என்ன சும்மாவா ஏற்றிப் போகிறார் என்று கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புரோக்கர் சவரிமுத்து வந்தார். மேலப்புதூர்க்காரர். வெள்ளை வேட்டி, காதில் எப்போதும் போன். ஆடி மாதத்தில் வீடு பார்க்கக் கிளம்பிய முதல் ஆள் நான்தான் என்று சிரித்தார். ஆடியில் போனால்தான் விலை படியும் என்றேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

உறையூரில் ஒரு வீடு. சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. ஆனால் வீடு என்னவோ அம்சமாகத்தான் இருந்தது. தேக்குக் கதவு, சிவப்புத் தரை, பின்னால் ஒரு முருங்கை. எனக்குப் பிடித்துவிட்டது. இவர் சுவரைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தார், சட்டைக் கையெல்லாம் சுண்ணாம்பு. வெளியே வந்ததும் வேண்டாம் என்றார். ஏன் என்றால் சந்து ரொம்ப வளைகிறதாம். சந்து வளையாமல் பின்னே தூக்கி நிறுத்தியா வைப்பார்கள்?  

ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புத்தூர்ப் பக்கம் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்தேன். தயிர்சாதம் டப்பாவிலேயே புளித்துப் போனது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தென்னூர். வில்லங்கம் இல்லை, தாய்ப்பத்திரம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வாசற்படி ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கிறது என்று இவர் வேண்டாம் என்கிறார். படியை இடித்துக் கட்டிக்கொள்ள முடியாதா என்றேன். தெருவிலேயே மேடு பள்ளம் என்கிறார். சாயங்காலம் இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்கலாம், வெயில் தாழ்ந்தால் உங்கள் மூளை வேலை செய்யும் என்று கூப்பிட்டேன். சாயங்காலத்தில் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த மனுஷனுக்கு வீடு வாங்குகிற எண்ணமே கிடையாது. எனக்காகத் தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

இரவெல்லாம் தூக்கமில்லை. புரண்டு படுத்தால் தென்னூர், இந்தப் பக்கம் திரும்பினால் உறையூர்.

ஆகஸ்ட் 30, சனி

மண்டியில் ஏதோ தகராறு. சமயபுரத்து வியாபாரி ஒருத்தன் விரலைக் காட்டிக்கொண்டே நின்றானாம், இவர் அவனைக் கண்டுகொள்ளாமல் ஏலத்தை முடித்துவிட்டாராம். வேண்டுமென்றே செய்தார் என்று கத்தியிருக்கிறான். ஓரமாக நின்றால் எனக்கு எப்படித் தெரியும் என்றார் இவர். அதுதானே, முன்னால் வந்து நிற்க வேண்டியதுதானே. அந்த ஆளுக்கு எப்போதுமே வாய் நீளம்.

இவர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு, துடைக்கத் துணி எங்கே என்று என்னைக் கேட்டார். துணி பக்கத்திலேயேதான் கிடந்தது.

செப்டம்பர் 6, சனி

வரகனேரியில் ஒரு வீடு. சாவி வைத்திருக்கிறவர் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார், இன்றைக்கு விட்டால் நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது என்று சவரிமுத்து கெஞ்சினார். நான் இவரை விடவில்லை, இழுத்துக்கொண்டு போனேன். பழைய முற்றம் வைத்த வீடு. கரண்ட் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். ஆனாலும் மேலே வானம் வெளுப்பாகத்தான் இருந்தது, முற்றம் இருப்பது எனக்குத் தெரிந்தது, சவரிமுத்துக்குத் தெரிந்தது. இவர் நேராக நடந்து அதற்குள் விழுந்தார்.

கால் பிசகவில்லை, முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது. கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று சவரிமுத்திடம் சொன்னார். எழுந்து நின்று என்னைப் பார்த்துப் பேசினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துப் பேசினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் கேட்டேன். காபியைக் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

கண்ணில் நீர் அழுத்தமாம். பெரிய டாக்டரிடம் காட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சொட்டு மருந்து மண்டியில் கல்லாப்பெட்டியில் இருக்கிறது, அங்கேயே போட்டுக்கொள்கிறார். "நடுவுல நல்லாத் தெரியுது வடிவு. ஓரந்தான் இல்ல. இருட்டிட்டா நடுவும் பாதிதான்" என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பதை எவ்வளவு நாள் காப்பாற்ற முடிகிறதோ பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓசூரில் வேலை பார்க்கிற மகளிடமும் சொல்லவில்லை. மண்டியில் தெரிந்தால் ஏலத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"சொன்னா நீ என் கையப் புடிச்சுக்குவ. அப்புறம் விடமாட்ட."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வருடம். ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே சோற்றைத் தின்றுகொண்டு. ஜன்னல் கம்பி, கதவு இடுக்கு, ஃபேன் றெக்கை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். இன்னும் கோபம் போகவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவரோடு பேசவில்லை. ரசம் மட்டும் கேட்டார், ஊற்றினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேசிவிட்டேன். எத்தனை நாள்தான் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பது? அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வேலைக்கும் கடைக்கும் தானே போய்த் தானே வர வேண்டும். யாருடைய தோளையும் பிடித்துக்கொண்டு போகிற நிலைமை வந்துவிடக் கூடாது. பார்வை மிச்சம் இருக்கும்போதே ஒரு தெருவைப் பழகிக்கொண்டால் பின்னால் கால் தானாகப் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். உறையூர்ச் சந்து அதனால்தான் வேண்டாம் என்றிருக்கிறார். தென்னூர்ப் படியும் அதனால்தான். நான் என்னவெல்லாம் பேசினேன்.

சரி. வீடு பார்க்கிற விதத்தை மாற்ற வேண்டும். கதவு தேக்கா வேம்பா என்பதெல்லாம் இனிமேல் யாருக்கு வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வீட்டுக்கு நேராக வரவில்லை. மார்க்கெட்டைச் சுற்றியிருக்கிற தெருவெல்லாம் நடந்தேன். சாக்கடை திறந்து கிடக்கிறதா, லாரி வருகிறதா, வண்டிகளை எங்கே நிறுத்துகிறார்கள், எந்த மூலையில் நாய் படுத்திருக்கிறது. ஒரு தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் சாய்வு மேடையைத் தெருவுக்கு நீட்டிக் கட்டிவைத்திருக்கிறார்கள், கண் தெரிந்த நானே தடுக்கினேன். வீடு பார்க்க வந்தீங்களா, தெருவ அளக்க வந்தீங்களா என்று சவரிமுத்து கேட்டார். அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. வரகனேரியில் விழுந்ததைப் பார்த்தவர்தான். தெரியாமலா இருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

பாலக்கரையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரே நேர்த்தெரு. வளைவு கிடையாது, கிளை கிடையாது. சாக்கடைக்கு மூடி போட்டிருக்கிறார்கள். மார்க்கெட் நடக்கிற தூரம்தான். தெரு போய் முடிகிற இடத்தில் வீடு. தெருவுக்கு அந்த வீடுதான் முடிவு. மேற்குப் பார்த்த வாசல், மங்களூர் ஓடு, இரண்டு அறை, சமையலறைக்குப் பின்கதவு, பக்கவாட்டில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. ஓட்டில் ஒழுகல் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். விலையைக் கேட்டதும் நான் நம்பவில்லை. எங்கள் கையிருப்புக்கும் என் பி.எஃப். பணத்துக்கும் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

ஏன் இவ்வளவு மலிவு என்றேன். சவரிமுத்து போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"தெருக்குத்தும்மா. தெரு நேரா வந்து வாசல்ல முட்டுது பாருங்க. ஒரு பயலும் வாங்கமாட்டேங்குறான். நான் மறைச்சு விக்கிறவன் இல்ல."

முன்னால் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம். பெரியவர் வயதாகிப் போய்ச் சேர்ந்தார், பிள்ளைகள் பெங்களூரில். நிஜமாகவா என்று திரும்பக் கேட்டேன். எல்லாரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும் அம்மா என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தெருக்குத்தாவது மண்ணாவது. எதிரில் ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், அதற்குக்கூட எனக்கு அவசியமில்லை. இவர் தெருவில் இரண்டு தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை கையை வீசிக்கொண்டு நடந்தார். அவர் கைவீசி நடந்து எவ்வளவு நாள் ஆயிற்று.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு வந்தால், லால்குடியிலிருந்து நாத்தனார் அகிலாண்டம் வந்து உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு மூத்தவர். வீடு பார்த்திருக்கிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எந்த இடம், எந்தத் தெரு, வாசல் எந்தப் பக்கம் என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டார். தெருக்குத்து என்றதும் பொரியைத் தட்டில் திரும்பக் கொட்டிவிட்டார்.

"வேணாம் வடிவு. அது குடும்பத் தலைவனத்தான் தேடி அடிக்கும். கண்ணையோ காலையோ வாங்காம விடாது."

அவருக்கு விஷயம் தெரியாது. தெரியாமல்தான் சொன்னார். நான் எழுந்து போய்ச் சுண்டல் தாளித்தேன். ஏற்கெனவே தாளித்த சுண்டல்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

சவரிமுத்துக்குப் போன் போட்டு அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்திரத்தில் குறை இருக்கிறது, கிழக்கு எல்லை சரியாக வரவில்லை என்றேன்.  நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும் என்று வைத்துவிட்டார்.

எல்லை சரியாகத்தான் இருக்கிறது. அதைவிடச் சுத்தமான பத்திரத்தை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 4, சனி

இவரிடமும் அதையே சொன்னேன். எந்த எல்லை, என்ன குறை, பேசித் தீர்க்க முடியாதா, வேறு வக்கீலிடம் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றேன்.  சாயங்காலம் முழுக்க விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஒரு நாளைக்கு ஆகப்போகிறது, பழகிக்கொள்கிறேன் என்றார். ஸ்விட்சைத் தட்டிவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது? மகாலிங்கம் கீழே வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பாலக்கரையில் ஒரு வேலை இருந்தது. போகிற வழியில் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

மத்தியான நேரம், ஆள் நடமாட்டம் இல்லை. தெருமுனையில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பாக இருந்தது, கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் கண்ணாமூச்சி. முதலில் கால் எழும்பவே இல்லை. இடது பக்கம் ஒரு வீட்டில் குக்கர் விசில், அதைத் தாண்டினால் டிவி, அதைத் தாண்டினால் வலது பக்கம் அடிகுழாயில் யாரோ தண்ணீர் அடிக்கிற சத்தம். காலுக்குக் கீழே சிமென்ட் ரோடு, ஓரத்துக்குப் போனால் மண் நெறுநெறுவென்று சொல்லிவிடுகிறது. நடுவுக்கு வந்துவிடலாம். ஒரு இடத்தில் பயந்து கண்ணைத் திறந்துவிட்டேன். ஒன்றுமில்லை, திரும்ப மூடிக்கொண்டேன்.

அடிகுழாயில் இருந்த பெண்தான் கேட்டிருக்க வேண்டும். "யாரைக்கா தேடுறீங்க? கண்ணு வலியா?" இல்லை, அந்தக் கடைசி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "நேராப் போங்க. வீடே வந்து நிக்கும்" என்றாள்.

போனேன். கை கேட்டில் பட்டது.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, எழுதினால் என்ன. இந்தத் தெரு இவரைக் கொண்டுவந்து வாசலில் விடும். அகிலாண்டம் அண்ணி சொன்னபடி இந்தத் தெருதான் இவர் கண்ணை வாங்கப்போகிறது என்றால்? நம்பிக்கை கிடையாது என்று எழுதினேனே, அது பொய். எனக்குப் பயம். அவர் விஷயத்தில் எனக்கு எல்லாவற்றிலும் பயம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்திரத்தில் குறை இல்லை என்பதை, அண்ணி சொன்னதை, நான் கண்ணை மூடி நடந்ததை. திட்டுவார் என்று நினைத்தேன். வேட்டி ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டார்.

"போறது எப்படியும் போவுது வடிவு. கே.கே. நகர்லயே இருந்தாலும் போவும். தெரு மேல ஏன் பழியப் போடுற?" என்றார். "நேரா வந்தா வீடு. திரும்ப வேண்டியதில்ல, யாரையும் கேக்க வேண்டியதில்ல. ஊர்ல எவனுக்கும் வேணாம்னு அத எனக்காகத்தான் போட்டு வச்சிருக்கானுங்க."

உடனே சவரிமுத்துக்குப் போன் போட்டேன். எல்லை சரியாகிவிட்டதா அம்மா என்றார். சரியாகிவிட்டது என்றேன். நீங்கள் வேண்டாம் என்றதை நான் யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன் என்றார்.

அக்டோபர் 18, சனி

மண்டி முதலாளியிடம் இவரே சொல்லிவிட்டார். அவர் யோசித்துவிட்டு, இனி விரல் காட்டுகிற பழக்கம் வேண்டாம், வேண்டியவன் வாயைத் திறந்து விலை சொல்லட்டும் என்றாராம். சமயபுரத்தான் மட்டும் முணுமுணுத்தானாம். முணுமுணுத்தது நன்றாகக் கேட்டது என்று சொல்லி இவர் சிரித்தார்.

அக்டோபர் 30, வியாழன்

பதிவு முடிந்தது. பத்திரத்தை நானே டைப் அடித்தேன். அடுத்தவர் பத்திரத்தில் ஒரு புள்ளி விட்டதில்லை, இன்றைக்கு என் பெயரையே தப்பாக அடித்துத் திரும்ப அடித்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் விரலை வைத்துக் காட்ட, இவர் போட்டார். சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

நவம்பர் 27, வியாழன்

பால் காய்ச்சினோம். அண்ணி வரமாட்டார் என்று நினைத்தேன், விடியும்போதே முதல் ஆளாக வந்து நின்றார். இவர் கண் விஷயத்தை இவரே போன வாரம் போனில் சொல்லியிருக்கிறார். அண்ணி கையில் ஒரு கல் பிள்ளையார். மறுபேச்சுப் பேசாமல் வாங்கி, தெருவைப் பார்க்கக் காம்பவுண்டுச் சுவரில் மாடம் வெட்டி வைத்தேன். எனக்கு நம்பிக்கை கிடையாது, அண்ணிக்காக வைத்தேன். இனி தினமும் விளக்கு ஏற்றப்போவதும் அண்ணிக்காகத்தான்.

டிசம்பர் 2, செவ்வாய்

பகலில் போய் வருகிறார். விடியற்காலையும் போகிறார், தெருமுனையில் மண்டி வண்டி வந்து நிற்கிறது. சாயங்காலம் மண்டிக் கணக்கை முடித்து வரும்போது மட்டும் நான் தெருமுனைக்குப் போய்க் கூட்டிவருகிறேன். அதுவும் வேண்டாம், இனிமேல் வராதே என்கிறார். இன்றைக்குச் சண்டை. கடைசியில் சத்தியம் வாங்கிக்கொண்டார், தெருமுனைக்கு வந்து நிற்கமாட்டேன் என்று.

டிசம்பர் 9, செவ்வாய்

தெருமுனைக்குப் போகவில்லை. சத்தியம் சத்தியம்தான். வாசலில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, தூண் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, எதையும் வைக்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் பஸ் வெளிச்சம் வந்து வந்து போனது. அப்புறம் அவர் தெருவுக்குள் திரும்பினார். நடையிலேயே தெரிந்துவிட்டது. கொஞ்சம் நின்றார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். நடந்தார். ஒரு இடத்தில் ஓரத்துக்குப் போய்விட்டார், என் கால் தானாக ஒரு படி இறங்கிவிட்டது. மண்ணை மிதித்ததும் நின்று நடுவுக்கு வந்தார். சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு வர, அசையாமல் நின்று போகவிட்டார். 

வந்துவிட்டார். கேட்டைத் தொட்டார், படியில் கால் வைத்தார். கை நீட்டினால் அவர் சட்டையைத் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் நான் நிற்கிறேன். முகமெல்லாம் வேர்த்து, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி சிரிப்பு. உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வடிவு, எங்க இருக்க? நானே வந்துட்டேன் பாரு."

வாயைத் திறந்தால், இங்கேதான் நிற்கிறேன் என்பது தெரிந்துவிடும். காவல் காத்தேன் என்பதும் தெரிந்துவிடும். பக்கத்தில் நின்றும் தனக்குத் தெரியவில்லை என்பதும் தெரிந்துவிடும். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் பக்கத்து இடைவெளி வழியாக, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு பின்பக்கம் ஓடினேன். பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, அடுப்படியில் நின்று, மூச்சு வாங்குவது கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னேன்.

"வந்துட்டீங்களா? எனக்குச் சத்தமே கேக்கலையே. உள்ள வாங்க, காபி போடுறேன்."